உன் பாட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு நிமிடம்

மகனுக்கு,

வருகிற சனிக்கிழமை நீ மைக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டாம். அம்மாவைப் பார்க்க வருவதென்றால் வா, சோறு இருக்கும். அந்தக் கறுப்புப் பெட்டியையும் வயர்களையும் கொழும்பிலேயே வைத்துவிட்டு வா. டொரொன்டோவுக்குப் போகிற டிக்கட்டை இரண்டு தடவை தள்ளிப்போட்டுவிட்டாய். கல்யாணத்துக்குத் திகதி கேட்டு நிலானியின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து எனக்குப் போன் எடுக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, விடைத்தாள் என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன். உன் முதல் வெளிநாட்டு மேடை, உன் கல்யாணம், இரண்டும் நம் வீட்டு முன் ஹோலில் கிடக்கிற ஒரு நிமிட அமைதிக்காகக் காத்து நிற்கின்றன. அந்த அமைதியைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லோரும் வாசிக்கிற இடத்தில் இதை ஏன் எழுதுகிறீர்கள் அம்மா என்று கோபப்படுவாய். நீ அந்த அமைதியைப் பாட்டுக்குள் வைத்து எல்லோருடைய காதிலும் போட்டுவிட்டாயே, அதனால்தான். உன் பாட்டுகளுக்குக் கீழே ஆட்கள் எழுதுவதை நானும் பார்க்கிறேன். ஹட்டனில் வான் ஓட்டுகிற ஒருவர் எழுதியிருந்தார்: உன் பாட்டைப் போட்டால் பின் சீட்டில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம், ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறாராம். வவுனியாவில் ஒரு தாய், குழந்தையைத் தூங்க வைக்க உன் பாட்டைப் போடுவாளாம். நீ வாய் திறக்கிறதுக்கு முன்னமே குழந்தை வாசல் பக்கம் திரும்பிச் சிரிக்கிறதாம். நீ எல்லோருக்கும் இதயப் படம் போட்டு நன்றி சொல்கிறாய். அவர்கள் உன்னைப் புகழவில்லை, அங்கே இருப்பது யார் என்று கேள்வி கேட்கிறார்கள். யாராவது பதில் சொல்ல வேண்டும்.

அம்பிட்டிய வீட்டில் நீ பாட்டுப் பதியத் தொடங்கிய காலத்தை நினைத்துப் பார். பள்ளிக்கூடம் முடித்து, கல்யாண மண்டபங்களில் கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்தாய். சாப்பாட்டுக்கு முன்னால் சினிமாப் பாட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டத்துக்குப் பைலாப் பாட்டு. ஒருநாள் மத்தியானம் கோட்டைக் கழற்றிக் கதிரையில் எறிந்துவிட்டு, "எல்லாம் அடுத்தவன் பாட்டும்மா. என் வாயில என் பாட்டு ஒண்ணு கூட இல்ல" என்றாய். அப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏன், பொறந்தப்ப ஒண்ணு போட்டியே, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டுச்சே. அது சொந்தப் பாட்டுத்தான்" என்றார். நீ கோபித்துக்கொண்டு தெல்தோட்டைக்கு, அத்தை வீட்டுக்குப் போய்விட்டாய். திரும்பி வரும்போது தப்பு மேளம் அடிக்கிற இரண்டு பேரின் அடியைப் போனில் பிடித்துக்கொண்டு வந்தாய். அதன் மேல் கிட்டாரை வைத்தாய். அதன் மேல் நம் வீட்டுப் பேச்சை வைத்தாய். "தெல்தோட்டை மலை இறங்கி வாற பஸ்சுல யாரு? சீட்டு ஒண்ணு காலி கெடக்கு, உக்காராம வாறது யாரு?" என்று நீ முதல் தடவை பாடிக் காட்டியபோது எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. நல்ல பாட்டு என்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னறையில் பாடினால் சத்தம் செத்துப்போகிறது என்று நீ மைக்கை ஹோலுக்குக் கொண்டுவந்தாய். அதோடு வீட்டுக்குள் ஒரு சட்டம் வந்தது. பிரிட்ஜை நிறுத்த வேண்டும், காற்றாடியை நிறுத்த வேண்டும், நான் குசினியில் கரண்டியைக் கீழே வைக்கக் கூடாது. அப்பாவை வெளியே அனுப்பினால் பக்கத்து வீட்டு நாய் அவரைப் பார்த்துக் குரைக்கும். அதனால் அவர் ஜன்னலோரக் கதிரையிலேயே அசையாமல் இருக்க வேண்டும். அவருக்கோ மூச்சிழுப்பு. நகர சபை அலுவலகத்தில் அத்தனை வருடம் தூசுக் கோப்புகளோடு இருந்தவர். அம்பிட்டியக் குளிரும் அவருக்கு ஒத்துக்கொண்டதில்லை. வாயைக் கையால் பொத்தி, கண்ணில் நீர் முட்ட, உன் பாட்டு முழுவதும் இருமலைப் பிடித்துக்கொண்டு இருப்பார். பாடி முடித்த பிறகும் விட மாட்டாய். மெஷின் இன்னும் ஒரு நிமிடம் சும்மா ஓட வேண்டும். அது எதற்கு என்று நான் கேட்டேன். "அது வீட்டோட மூச்சும்மா. பாட்டுக்கு அடியில அதைப் பாய் மாதிரி விரிச்சு வைக்கணும். இல்லாட்டி வெட்டி ஒட்டின எடமெல்லாம் ஓட்டையாத் தெரியும்" என்று சொன்னாய். அந்த நிமிடம் முடிந்ததும், "முடிஞ்சிருச்சுப்பா!" என்று நீ குரல் கொடுப்பாய். அவர் கையை எடுப்பார். சேர்த்து வைத்த இருமல் எல்லாம் பட்டாசுக்கட்டு மாதிரி வெடிக்கும். நாம் மூன்று பேரும் சிரிப்போம். "பாட்டுல எம் பேரையும் போடுடா. இருமாமல் இருந்தவர்னு போடு" என்பார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று நீ பாடியதை நண்பன் போனில் எடுத்துப் போட்டானே, அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அப்பா அலுவலகத்தில் தினமும் அறிவித்தாராம். வானொலிக்காரர்கள் உன்னைக் கூப்பிட்டு, கிராமியப் பொப்பிசை என்று உன் பாட்டுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். உனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. எனக்கும்தான். ஆனால் மேடைகள் வந்தன. மட்டக்களப்பு, திருகோணமலை, கொழும்பு. பிறகு அப்பா போய்விட்டார். கருமாதி முடிந்தும் பல மாதங்கள் நீ கிட்டாரைத் தொடவில்லை. உன்னை வற்புறுத்த எனக்கும் தெம்பு இருக்கவில்லை. பிறகு கொழும்பில் அறை எடுத்தாய், ஸ்டூடியோவில் பாடத் தொடங்கினாய். புதிய பாட்டுகள் வந்தன. நான் அவற்றை உடனே கேட்கவில்லை. பயம் என்று சொல்ல முடியாது. சோம்பல் மாதிரி ஒன்று.

முதன்முதலாக ஒன்றைக் கேட்டது பஸ்ஸில். கட்டுகஸ்தோட்டையில் துணி வாங்கிக்கொண்டு கண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பகல் வெயில். பஸ் பாலத்தில் ஏறியபோது கண்டக்டர் ரேடியோவைக் கூட்டிவிட்டு, "டீச்சர், ஒங்கட மகன்ட புதுப் பாட்டு!" என்று கத்தினார். கிட்டார் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் நான் என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டிருக்கிறேன். பாட்டு தொடங்கிய பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெண் உட்கார வந்தாள். "வேண்டாம், ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டேன், மகனே. அவள் என்னையும் வெறும் சீட்டையும் பார்த்துவிட்டுப் பின்னால் போனாள்.

வீட்டுக்கு வந்து உனக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "ஆமாம்மா, பழைய நிமிஷம்தான். கொழும்புல எவ்வளவு சுத்தமா எடுத்தாலும் பாட்டு நிக்க மாட்டேங்குது. இதை அடியில போட்டா நிக்குது" என்றாய். எந்த நாள் எடுத்தது என்று கேட்டேன். கொழும்பு மேடைக்காகப் போன் வந்ததே, அன்றைக்கு எடுத்தது என்றாய். நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வராத காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

பிறகு, ஒரே நிமிடத்தைத் திரும்பத் திரும்ப விரித்து, அது முடிந்து மறுபடி தொடங்குகிற இடம் உன் காதுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது. டொரொன்டோ மேடைக்குப் புதிதாக, நீளமாக வேண்டும் என்று நிலானியையும் கூட்டிக்கொண்டு வந்தாய். அவள் என்னோடு குசினி வாசலில் நின்றாள். ஹோலில் நீ மட்டும். பதிந்து முடித்ததும் கையை உயர்த்தினாய். இப்போதெல்லாம் குரல் கொடுப்பதில்லை. குரல் கொடுக்க யார் இருக்கிறார்கள்? ஹெட்போனை முதலில் நிலானியின் தலையில் மாட்டிவிட்டாய், விளையாட்டாக. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு ஹெட்போனை மெதுவாகக் கழற்றி என்னிடம் கேட்டாள்.

"மாமி, ஹோலுக்குள்ள ஆர் இருந்தது?"

"இவன்தான். வேற யாரும் இல்லையே."

"இல்லை மாமி. ஜன்னல் பக்கம். ஆரோ இருமலை அடக்கிக்கொண்டு இருக்கிற மாதிரிக் கிடக்கு."

அவள் அப்பாவைப் பார்த்ததில்லை. அவர் இருமலைப் பற்றி நான் அவளிடம் சொன்னதில்லை. பிறகு கேட்டேன், நீயும் சொல்லியிருக்கவில்லை. நீ ஹெட்போனை வாங்கி மாட்டினாய். உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நிலானி கேட்டதைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னைப் பயமுறுத்தியது. ஆஸ்பத்திரியில் நீ பிறந்த அன்று உன்னைக் கையில் வாங்கியபோது அவர் சிரித்த சிரிப்பு அது. "இதேதாம்மா! மாறவே இல்ல!" என்று சொன்னாய்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் வருகிறாய். பெட்டியைத் திறந்து, மைக்கை நட்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, பதிந்துகொண்டு போகிறாய். புதிய பாட்டு என்ன என்று கேட்டால் பிறகு என்கிறாய். நிலானி போன வாரம் எனக்குப் போன் எடுத்து அழுதாள். "மாமி, இவர் இப்ப பாடுறேல்லை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார். நான் கதைச்சால் கையைக் காட்டி அமத்துறார். நேற்று எனக்குத் தும்மல் வந்தது. அதுக்கும் முறைச்சார் மாமி." இதைக் கேட்ட பிறகும் நான் சும்மா இருந்தால் தாய் இல்லை.

உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். கொழும்புப் போன் வந்த அன்று, அந்த நிமிடம் ஓடிக்கொண்டிருந்தபோதே உன் போன் மினுங்கியது. நீ ஓசைப்படாமல் முற்றத்துக்குப் போய்ப் பேசினாய். பேசி முடித்த சந்தோஷத்தில் அப்படியே மலையிறங்கி நண்பர்களிடம் ஓடிவிட்டாய். நான் நெடுநேரம் கழித்துக் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தால், அவர் வாயைப் பொத்தியபடி அதே கதிரையில் இருக்கிறார். கண் மட்டும் சிரிக்கிறது. "என்னங்க, அவன் எப்பவோ போயிட்டான்" என்றேன். விரல் இடுக்கால், "அவன் இன்னும் முடிஞ்சிருச்சுன்னு சொல்லல" என்று கிசுகிசுத்தார். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு இருமினார், தேநீர் குடித்தார், எல்லாம் வழமை போல. ஆனால் அந்தப் பகிடியை அவர் விடவில்லை. நீ கொழும்பில் ஒத்திகையில் இருந்த அந்த வாரம் முழுவதும், இருமும்போதெல்லாம், "இது கணக்குல சேராது, நான் இன்னும் டியூட்டியில இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நெஞ்சுச் சளி முற்றி வார்டில் கிடத்தியிருந்தபோது, முகத்தில் மாஸ்க், பேச முடியாது. நான் குனிந்தேன். விரலை எடுத்து மாஸ்க்கின் மேல், உதடு இருக்கிற இடத்தில் வைத்தார். தாதி, ஐயா ஏதோ கேட்கிறார் என்று தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குத் தெரியும், அவர் தண்ணீர் கேட்கவில்லை. உனக்குச் செய்தி சொல்லி நீ வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

எந்த நாள் எடுத்தது என்று நீ போனில் சொன்னபோதே எனக்குத் தட்டியது, நிலானி கேட்ட கணத்தில் உறுதியாக விளங்கிவிட்டது: அவர் இன்னும் காத்திருக்கிறார். அந்த ஒரு சொல்லை நானே சொல்லியிருக்கலாம். ஹோலில் போய் நிற்பேன், வாயைத் திறப்பேன், சேலைத் தலைப்பால் கதிரையைத் துடைத்துவிட்டுத் திரும்பி வருவேன். சொன்னால் அவர் எழும்பிப் போய்விடுவார் என்று இருந்தது. இதுதான் நான் மேலே சொன்ன காரணம். நீ பதிந்து எடுத்துக்கொண்டு போகிறாய். நான் அதற்குள்ளேயே வாழ்கிறேன். பிரிட்ஜை நிறுத்துவது பழகிப் பழகி, இரண்டு தடவை பால் கெட்டுப்போனது. போனில் எல்லோரிடமும் ரகசியம் மாதிரிப் பேசுகிறேன் என்று தங்கை சொன்னாள். மூடியைச் சட்டியில் வைக்கும்போது ஒரு ஓரத்தை முதலில் தொட வைத்து, பிறகு மெதுவாக மற்ற ஓரத்தை இறக்குகிறேன். எனக்குத் தொண்டை கரகரத்தால் வெளியே தண்ணீர்த் தொட்டியடிக்குப் போய் இருமிவிட்டு வருகிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. வீடு அப்படிக் கேட்கிறது.

சனிக்கிழமைகளில் உனக்கு இடமில்லாமல் செய்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சொல்லத் தைரியம் இல்லாதவள் கண்டுபிடித்த குறுக்கு வழி அது. பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு நம் ஹோலில் சரித்திரம் சொல்லித் தருவதென்று, முதல் வகுப்பை நேற்றுப் பின்னேரம் வைத்தேன். உனக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியாது. வகுப்பறையில் அவர்களைக் கட்டி மேய்க்க என் தொண்டை போதாது. உட்காருகிற வாங்கில்களை இழுத்துப் போட்டு, ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். "டீச்சர், பாட்டுக்கார அண்ணாட வீடு இதுதானே? அண்ணா வருவாரா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். நான் சந்தோஷப்பட்டேன். பலகையில் தலைப்பை எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. புத்தகத்தை விரல் நுனியால் புரட்டுகிறார்கள். பேனா மூடியைச் சத்தமில்லாமல் திறக்கிறார்கள். நான் அவர்களை அதட்டவே இல்லை.

முன் வரிசையில் ஒரு பிள்ளை வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தாள். முகம் இரத்தமாய்ச் சிவந்து, கண்ணால் நீர் ஓடுகிறது. மற்றக் கையைத் தூக்கினாள்.

"டீச்சர்... இருமலாமா?"

"யாரும்மா இருமக் கூடாதுன்னு சொன்னது?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "யாரும் சொல்லல டீச்சர். இப்ப இருமக் கூடாது போல இருந்துச்சு."

அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் எனக்கு நிலானிதான் தெரிந்தாள். உன் வீட்டில், உன் பிள்ளைகளோடு, வாயைப் பொத்திக்கொண்டு ஒரு ஆயுள் முழுக்க இருக்கப்போகிறவள். நான் கதிரைப் பக்கம் திரும்பினேன். நீ கொடுக்கிற மாதிரியே குரலை உயர்த்தி, "முடிஞ்சிருச்சுங்க!" என்றேன். வகுப்பு முடிந்தது என்று நினைத்துப் பின் வரிசைக்காரிகள் புத்தகத்தை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். முன்னால் இருந்த பிள்ளை கையை எடுத்து இருமினாள். அவள் இருமி ஓய்ந்த பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்கள். பிறகு, ஏன் திரும்பினோம் என்று தெரியாதவர்கள் போல ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள்.

அவர்கள் எதைக் கேட்டுத் திரும்பினார்கள், நான் என்ன கேட்டேன் என்று நீ கேட்பாய். நிலானியை விட்டும் கேட்பாய். சொல்ல மாட்டேன். இந்த வீட்டிலிருந்து நீ எடுத்துப் பாட்டாக்காதது அதிகம் மிச்சமில்லை. நான் உன்னை ஏசிய ஏச்சு, அத்தை வீட்டுத் தப்பு, அப்பா வாசல் கேட்டுக்கு வெளியே நின்று உன்னைக் கூப்பிடுகிற விசில், எல்லாம் இப்போது ஊரார் வாயில் இருக்கின்றன. நல்லதுதான், அவற்றை நான் மனதாரத் தந்தேன். இதைத் தர மாட்டேன். இது பாட்டுக்கு ஆகாது, எனக்கு ஆகும்.

நீ பதிந்து வைத்திருக்கிற நிமிடங்களை என்ன செய்வது என்று நான் சொல்லவில்லை. உன் வேலை உனக்குத் தெரியும். ஒன்று மட்டும் கேள். டொரொன்டோவில் உனக்குத் தருகிற அறையில் ஹீட்டர் இரையும், பக்கத்து அறையில் யாரோ கதவை அறைவார்கள், நிலானி அங்கும் இங்கும் நடந்தபடி அம்மாவோடு போனில் சத்தமாகக் கதைப்பாள். அதற்கு நடுவில் உட்கார்ந்து பாடிப் பார். பாட்டில் ஓட்டை தெரிந்தால் தெரியட்டும். கண்டி மண்டபங்களில் தட்டுச் சத்தத்துக்கும் குழந்தை அழுகைக்கும் நடுவில் அடுத்தவன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த காலத்தில்கூட உன் குரல் நின்றது. நான் ஒரு மூலையில் இருந்து கேட்டிருக்கிறேன்.

நிலானியின் அப்பாவுக்கு இன்று காலை நானே போன் எடுத்து, பள்ளிக்கூட விடுமுறையில் முதல் நல்ல நாளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். "ஓம், ஓம், சந்தோசம்" என்று சொல்லிவிட்டு உடனே மண்டபத்துக்குப் போன் எடுக்கப் போய்விட்டார். இனி அதை உன்னால் தள்ளிப்போட முடியாது. டிக்கட்டை உறுதி செய். புதிய பாட்டுக்கு மைக் முன்னால் நிற்கும்போது அடியில் ஒன்றும் இருக்காது. காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி இருக்கும், முதல் வரி வரைக்கும். நேற்றிலிருந்து எனக்கும் இந்த வீட்டில் அப்படித்தான் இருக்கிறது. நான் நடந்து பார்த்துவிட்டேன், தரை இருக்கிறது. பாடு.

அம்மா